சாமியும் ஏசியும் ஒரே சுவரில்

எங்கள் வீடு மராட்டி பேசும் ஊரில், ஏரவாடாவில் ஒரு கட்டிடத்தின் கடைசி மாடியில் இருக்கிறது. மேலே மொட்டைமாடி என்பதால் சித்திரை மாதத்தில் தரையில் படுத்தால் தோசைக்கல்லில் படுத்த மாதிரிதான். விமான் நகரில் வேலை பார்க்கும் எங்கள் பெண் பார்த்துப் பொறுக்காமல் ஒரு ஏசி வாங்கி அனுப்பினாள். மாட்ட வந்தவர், குழாய் வெளியே போக வழி அந்த ஒரு சுவரில்தான் இருக்கிறது என்றார். அந்தச் சுவரில் ஏற்கெனவே பூஜை அலமாரியில் முருகன் படமாக இருந்தார். ஆகவே முருகன் கீழே, ஏசி மேலே என்று ஆயிற்று. சாமி தலைக்கு மேலே ஒரு பெட்டியா என்று எனக்கு மனசு அடித்துக்கொண்டது. கருவறைக்கு மேலே விமானம் இல்லையா, அப்படி வைத்துக்கொள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

என் வீட்டுக்காரர் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். ஏசி வந்த அன்றே வீட்டில் சட்டங்களும் வந்தன. இருபத்தைந்துக்குக் கீழே இறக்கக்கூடாது. கூடவே மின்விசிறி ஒன்றாம் நம்பரில் சுற்ற வேண்டும். மத்தியானமே மேற்குப் பக்கத்துத் திரையை இழுத்துவிட வேண்டும். கதவு இடுக்கில் பழைய வேட்டியைச் சுருட்டி வைக்க வேண்டும். ஏசி ஓடும்போது கதவைத் திறக்கவே கூடாது. ரிமோட் எப்போதும் அவர் சட்டைப் பையில். குளிக்கப் போகும்போது மட்டும் என்னிடம் கொடுப்பார்.

“கையில வச்சுக்க. எதையும் அமுக்காத.”

“அமுக்கக்கூடாதுன்னா எதுக்குங்க என்கிட்ட குடுக்கறீங்க?”

“பத்திரமா இருக்கட்டும்னுதான்.”

உள்ளதைச் சொல்ல வேண்டும். அவருடைய சட்டப்படி வீடு நன்றாகத்தான் குளிர்ந்தது. ஆனால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் சாம்பிராணி போடுவது என்னுடைய சட்டம். அவர் சட்டத்தையும் மீறாமல், என் சட்டத்தையும் விடாமல், ஏசி ஓட ஓட, கதவைச் சாத்திக்கொண்டு, இடுக்கில் வேட்டியையும் செருகிவிட்டு, கூடம் நிறையப் புகை போட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் முகம் தெரியாது. ஆனால் ஜில்லென்று இருக்கும். கைலாசம் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

மூன்று மாதத்தில் குளிர் குறைந்துபோனது. நான் அடிக்கடி கதவைத் திறந்து எதிர்வீட்டுக்காரியோடு பேசுவதால்தான் என்று இவர் முடிவு கட்டிவிட்டார். இரண்டு நாள் கதவுக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து காவல் காத்தார். அப்படியும் குளிரவில்லை. மூன்றாம் நாள் மெக்கானிக்கைக் கூப்பிட்டார்.

வந்தவர் நாற்பது வயது மராட்டிக்காரர். ஏசியின் மூடியைத் திறந்து உள்ளே இருந்த வலைச்சட்டத்தை உருவினார். அது வலையாகவே இல்லை, கறுப்புக் கம்பளி மாதிரி இருந்தது. மோந்து பார்த்தார், என்னைப் பார்த்தார், கீழே முருகனையும் பார்த்தார். அவர் இந்தியில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்; மாவ்ஷி என்றால் சித்தி, காகா என்றால் சித்தப்பா.

“மாவ்ஷி, இது ஃபில்டரா, கோயில் பிரசாதமா?”

“சாம்பிராணிப்பா. வெள்ளிக்கிழமை மட்டுந்தான்.”

“புகை நேரா மேல போகுது. மேல இது வாயைத் திறந்துக்கிட்டு உட்கார்ந்திருக்கு. மூக்கை அடைச்சுட்டா பாவம் எப்படி மூச்சு விடும்?”

பூஜை நேரத்தில் ஏசியை நிறுத்து, ஜன்னலைத் திற, புகை போன பிறகு போடு, பதினைந்து நாளுக்கு ஒரு முறை ஃபில்டரை வெறும் தண்ணீரில் கழுவி நிழலில் காயவை என்றார். அப்படியே பால்கனிக்குப் போனவர் அங்கேயும் நின்றுவிட்டார். வெளிப்பெட்டி ஊதுகிற சூடு வீணாகப் போகிறதே என்று அதற்கு எதிரே நாற்காலி போட்டு, அதன்மேல் முறத்தில் கூழ்வடகம் காயவைத்திருந்தேன். அதுவும் காற்றை மறிக்கிறதாம். எடுக்கச் சொல்லிவிட்டு, காய்ந்ததில் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டார்.

அவர் போனதும் இவர் தீர்ப்புச் சொன்னார்.

“இன்னொரு தடவை ஏசி மெக்கானிக் இந்த வாசப்படி ஏறுனா, சாமி சமையல்கட்டுக்குப் போயிடும். சொல்லிட்டேன்.”

“ஞாயித்துக்கிழமை மீன் வறுக்கிற எடத்துலயா? முருகனையா?”

“அன்னிக்கு மட்டும் திரை போட்டுக்க.”

அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. இந்த ஊருக்கு வந்து மூட்டையைப் பிரித்தபோது பாத்திரத்துக்கு முன்னால் வெளியே எடுத்தது அந்தப் படத்தைத்தான். பெண் பிறந்தது, இவருக்கு மஞ்சள்காமாலை வந்து பிழைத்தது எல்லாம் அந்த இடத்தில் நின்று அழுததில்தான். அங்கிருந்து முருகனை நகர்த்த என்னால் முடியாது. மெக்கானிக் இனி வரவே கூடாது, அவ்வளவுதான்.

பதினைந்து நாள் ஆனதும் ஸ்டூலில் ஏறி எட்டி ஃபில்டரை உருவினேன். வெறும் தண்ணீரில் சாம்பிராணி வாசனை போகவில்லை. சீயக்காய்ப் பொடி கரைத்து ஊறவைத்தேன். நிழலில் காயவைத்து மாட்டியதும் கூடமெல்லாம் சீயக்காய் மணம்.

“என்ன, ஏசி எண்ணெய் தேச்சுக் குளிச்சுட்டு வந்திருக்கா?” என்றார் இவர்.

அடுத்த தடவையிலிருந்து வெறும் தண்ணீர்தான். ‘முருகா, மூச்சடைக்காமல் பார்த்துக்கொள்’ என்று சொல்லிக்கொண்டே கழுவுவேன். சாம்பிராணிக்கு ஏசியை நிறுத்தி ஜன்னலைத் திறந்து வைப்பேன். ஏசி முன்போலக் குளிர்ந்தது. ஆயுத பூஜை வரைக்கும் ஒரு குறையும் இல்லை.

அன்றைக்கு மிக்சி, தையல் மிஷின், இவருடைய ஸ்கூட்டர் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தேன். ஏசிக்கு ஸ்டூலில் ஏற வேண்டும், என் இன்னொரு கையிலோ கற்பூரத் தட்டு. சந்தனக் கிண்ணத்தை இவரிடம் நீட்டினேன்.

“ஏசி ஆயுதமா?”

“ஒழைக்குதுல்ல? வைங்க.”

வாங்கி, ஸ்டூலில் ஏறி, மூன்று சந்தனப் பொட்டும் குங்குமமும் வைத்தார். பூஜை செய்த சாமானுக்கு அன்றைக்கு ஓய்வு என்பதால் ஏசியைப் போடவில்லை.

“அப்ப ஃப்ரிட்ஜுக்கு மட்டும் லீவு கிடையாதா?” என்று விசிறிக்கொண்டே கேட்டார்.

“அதுல பால் இருக்குங்க.”

மறுநாள் தசரா. சாப்பிட்டுவிட்டு இவர் ரிமோட்டை அமுக்கினார். ஏசி அசையவில்லை. பக்கத்தில் போய் அமுக்கினார். பேட்டரியை உருட்டினார், மாற்றினார், ரிமோட்டைத் தொடையில் தட்டினார். ஏசி பொட்டும் குங்குமமுமாகச் சும்மா இருந்தது. இவர் திரும்பி என்னையும் முருகனையும் ஒரு பார்வை பார்த்தார்.

“வரச்சொல்றேன். வந்து பாக்கட்டும். நீ சமையல்கட்டுல எடம் ஒழிச்சு வை.”

“எங்கூட பேசாதீங்க,” என்றேன். பிறகு அலமாரியின் முன் உட்கார்ந்து, ‘நீ போகிற இடத்துக்கு நானும் வந்து படுத்துக்கொள்கிறேன்’ என்று முருகனிடம் சொன்னேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

மெக்கானிக் புதுச்சட்டையில் வந்தார். தசராவுக்கு இங்கே தங்கம் என்று சொல்லிக் கொடுக்கிற ஆப்டா இலையை எங்கள் இருவர் கையிலும் வைத்துக் கும்பிட்டார். பிறகு ஏசியை அண்ணாந்து பார்த்தவர் சிரிக்க ஆரம்பித்தார், நிறுத்தவே இல்லை.

“காகா, ரிமோட் பேசுறது இதோட கண்ணுகிட்ட. கண்ணு இங்க ஓரத்துல இருக்கு. அதுமேலயே சந்தனத்தை அப்பினா அது எதைப் பாக்கும்?”

ஸ்டூலில் ஏறி அந்த ஒரு பொட்டை மட்டும் விரலால் வழித்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டார். ரிமோட்டை அமுக்கினார். பீப் என்று ஏசி கண் விழித்தது. ஃபில்டரையும் உருவிப் பார்த்து, “இந்த லைன்ல இவ்வளவு சுத்தமா ஒருத்தர் வீட்டுலயும் இல்ல மாவ்ஷி,” என்றார்.

“பொட்டு வச்சது யாரு?” என்று போகும்போது கேட்டார்.

நான் சுண்டல் எடுக்கத் திரும்பினேன். இவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். மெக்கானிக்குக்குப் புரிந்துவிட்டது. கூலி வேண்டாம் என்று சொல்லி, கை நிறையச் சுண்டல் வாங்கிக்கொண்டு இறங்கிப் போனார்.

ஏசி முன்பக்கத்தில் மிச்சம் இரண்டு பொட்டு, கீழே முருகன், அவரவர் இடத்தில். சற்று நேரம் கழித்துச் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தேன். இவர் அலமாரிக்கு முன் நின்று கன்னத்தில் பட் பட்டென்று போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையை இறக்கினார்.

“கொசு,” என்றார்.

கதவு ஜன்னல் எல்லாம் சாத்தி, இடுக்கில் வேட்டி செருகியிருந்தது. “ஆமாங்க, நெறைய கொசு,” என்றேன் நான்.