சிப்பாட்டாவில் ஒரு தபால் பெட்டி

போன மாதம் ஒரு வியாழக்கிழமை மத்தியானம் அம்மா என் வேலையிடத்துக்குப் போன் எடுத்தார். “யோகராணி மோசம் போயிட்டாவாம்” என்றார். அந்தப் பெயரைத் தபால் உறைகளில் மட்டும் கண்டிருந்த எனக்கு, யார் என்று உடனே பிடிபடவில்லை. “உன்ரை சிப்பாட்டா அக்காவடி” என்றபின்தான் விளங்கியது. லண்டன் பிளேஸ்டோவில் அவரை அறிந்த உங்களில் பலருக்கும் மரணச் செய்தி இப்படி இரண்டு தவணையில்தான் வந்திருக்கும்.

சிப்பாட்டா, சாம்பியாவின் கிழக்கு மாகாணத் தலைநகர். மலாவி எல்லை அங்கிருந்து காரில் அரை மணித்தியாலம். எண்பதுகளில் அக்கா அங்கே பூகோளம் படிப்பித்தார். நான் அவரைச் சந்தித்தது தொண்ணூறுகளில், அப்டன் பார்க்கில் ஒரு சலவை நிலையத்தில். நான் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டு சனி ஞாயிறுகளில் வேலை செய்தேன். அவருடைய ஆசிரியர் சான்றிதழ் இங்கே செல்லவில்லை; அவர் முழுநேரம். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளை இருவராக நின்று மடிப்போம், ஆளுக்கு இரண்டு மூலை. முகம் பார்த்துப் பேசக் கூச்சப்படும் எனக்கு, நடுவில் ஒரு விரிப்பு இருந்தது வசதியாக இருந்தது.

அந்த விரிப்புக்கு அப்பால் நின்றுதான் தம்பியைப் பற்றிச் சொன்னார். அக்கா சிப்பாட்டாவில் இருந்தபோது அவனுக்கு இருபத்திரண்டு வயது. சண்டைக்குத் தப்பி இலங்கையைவிட்டு வெளிக்கிட்டு மலாவி வரைக்கும் வந்துவிட்டான். எல்லையைத் தாண்டினால் அக்கா வீடு. மலாவியில் தங்குவதற்கான அவனுடைய அனுமதி செவ்வாய் இரவோடு முடிகிறது. அன்று காலை போன் எடுத்தவனிடம் அக்கா, “இண்டைக்குச் செவ்வாய், வெளிக்கிடாதை. நாளைக்கு விடிய வா” என்றார். ஒரு நாள்தானே, யார் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்தார். புதன்கிழமை எல்லையில் பார்த்தார்கள். திருப்பி விமானம் ஏற்றினார்கள். கொழும்பில் லொட்ஜில் இருந்தவனைப் பிடித்துக்கொண்டு போனதாகக் கேள்வி. அதற்கு மேல் ஒரு செய்தியும் இல்லை.

“பூகோளம் படிச்ச நான், ரோட்டைப் பாக்காமல் கிழமையைப் பாத்தனான்” என்று சொல்லி, தன் கையிலிருந்த மூலைகளை என் கையில் தந்தார்.

எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். முதல் நேர்முகத்துக்குக் கடிதம் வந்தது, செவ்வாய்க்கிழமைக்கு. அம்மா மறித்தார். “வேற நாள் கேக்கட்டும், என்ன குறைஞ்சு போச்சு?” வீட்டுக்கு வந்திருந்த அக்கா சிரித்தார். “கேளுங்கோ. பஞ்சாங்கத்தையும் சேத்து அனுப்புங்கோ, வெள்ளைக்காரன் பாத்து நல்ல நாள் வைப்பான்.” அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு அக்கா சிரிக்காமல் என்னிடம் சொன்னார்: “நாளைக்கு எண்டு ஒண்டு இருக்கெண்டு ஒருத்தரும் எழுதித் தரேல்லைப் பிள்ளை. போ.” போனேன். அந்த வேலை எனக்குக் கிடைக்கவில்லை. “கிடைக்காட்டிப் போகட்டும். நீ போனனீதானே” என்றார்.

சிப்பாட்டாவில் தபால்காரர் வீட்டுக்கு வருவதில்லை. தபால் கந்தோரில் ஆளுக்கொரு பெட்டி, பூட்டு, சாவி. அக்காவின் பெட்டி இலக்கம்தான் தம்பிக்குப் பாடமாயிருந்த ஒரே விலாசம். லண்டனுக்கு வந்தபிறகும் அவர் அந்தப் பெட்டியை விடவில்லை. அங்கே துணிக்கடை வைத்திருந்த குஜராத்தி நண்பர் வருடாவருடம் அதைப் புதுப்பித்துத் திறந்து பார்த்தார். ஒரு சாவி அவரிடம். மற்றது அக்காவின் கைப்பையில். தம்பி செத்ததாகவே எடுத்து அந்தியேட்டிக் கிரியை செய்துவிடும்படி சொந்தக்காரர்கள் நெருக்கும்போதெல்லாம், “பெட்டி இருக்குமட்டும் அவன் எழுதலாம். எழுதக்கூடிய ஆளுக்கு அந்தியேட்டியோ?” என்பார்.

அக்கா ஆஸ்பத்திரியில் இருந்த கடைசி மாதம், அவர் வீட்டுக்கு வந்த தபால்களை நான்தான் எடுத்துப் போனேன். அதில் அந்த நண்பரின் கடிதம் இருந்தது. கடையை மூடிவிட்டு ஊரைவிட்டே போய்விட்டாராம், பெட்டி புதுப்பிக்கப்படாமல் வேறொருவருக்குப் போய்விட்டது, மன்னிக்க வேண்டும். அதை மடித்து என் பையின் அடியில் வைத்தேன்.

அக்கா கட்டில் விரிப்பின் ஓரத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். “இது ஒராள் தனிய மடிச்சது. பார், மூலை ஒட்டேல்லை.” பிறகு கேட்டார்: “கடைக்காரர் எழுதினவரே? பெட்டி இருக்குத்தானே?”

“ஓம் அக்கா, இருக்கு.”

அவர் கைப்பையைக் காட்டினார். சாவியை நானே எடுத்தேன். “இனி நீ பாத்துக்கொள்” என்றார்.

அவரை அறிந்த உங்களிடம் இதைச் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியவை இவைதான்: இப்போது யாருடையதோ ஆகிவிட்ட பெட்டியின் சாவி, நான் சொன்ன அந்த ‘ஓம்.’ செத்தவீட்டுக்கு அடுத்த வாரம், அதே பெட்டி இலக்கத்துக்கு, பெயர் தெரியாத அந்த மனிதருக்கு ஒரு கடிதம் எழுதினேன். தம்பியின் முழுப்பெயரையும் என் பிளேஸ்டோ விலாசத்தையும் எழுதி, இவரிடமிருந்து ஏதும் வந்தால் தயவுசெய்து எறிந்துவிட வேண்டாம் என்று கேட்டேன்.

எழுதி முடித்த அன்று செவ்வாய்க்கிழமை. அம்மா வாசலில் நின்று குடையை எடுத்து நீட்டினார். மழையோடு போய் அன்றைக்கே தபாலில் போட்டேன்.