முழங்கால் கொளுவின கதை

அன்புள்ள தாரணிக்கும் கபிலனுக்கும்,

போன செவ்வாய்க்கிழமை தாரணி வலைப்பந்துப் பயிற்சி முடிந்து வந்து, கதிரையில் இருந்து முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தாள். என்ன பிள்ளை என்று கேட்டேன். "ஒண்டுமில்லையப்பா" என்றாள்.

அந்த "ஒண்டுமில்லை" எனக்கு நல்ல பழக்கம். இரண்டு மாதம் படகில் நின்று அதைத்தான் எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருந்தேன். அதனால் இதை எழுதுகிறேன். நான் பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவன். எழுத்துப் பிழை இருந்தால் கபிலன் திருத்தட்டும். விசயத்தை மட்டும் திருத்த வேண்டாம். அது என் வலது காலைக் கொடுத்துப் படித்தது.

கயிற்று வேலை

நெடுந்தீவுக்கும் குறிகட்டுவானுக்கும் ஓடுகிற பயணிகள் படகில் நான் முன் கயிற்றுக்காரன் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த வேலை எப்படி என்று உங்களுக்குச் சொன்னதில்லை. படகு இறங்குதுறையை நெருங்கும்போது நான் முன்னுக்குக் கயிற்றோடு நிற்பேன். கரையில் இறங்கி, அங்கே உள்ள இரும்புக் கட்டையில் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி இழுத்துப் பிடிக்க வேண்டும். பிறகு படகுக்கும் கரைக்கும் நடுவில் ஒரு காலை அங்கும் ஒரு காலை இங்கும் வைத்துக்கொண்டு சனத்தைக் கை கொடுத்து இறக்க வேண்டும்.

படகு முட்டிய பிறகுதான் இறங்க வேண்டும் என்பது சட்டம். முட்டமுன் பாய்வதுதான் எங்கள் பழக்கம். நடுவில் ஒரு பாகம், ஆறடி, தண்ணீர் இருக்கும்போதே பாய்ந்து, விழுந்த காலிலேயே நின்றபடி உடம்பை ஒரு திருப்புத் திருப்பி, கயிற்றைக் கட்டையில் போட்டுவிடுவேன். சனம் பார்த்துக்கொண்டிருக்கும். பொய் சொல்லக் கூடாது, அது எனக்குப் பிடிக்கும். படகு முட்டுமட்டும் பொறுத்து இறங்குகிறவனைப் பார்த்து எங்கள் ஓட்டி நல்லதம்பி அண்ணை மேலே இருந்து கத்துவார்:

"என்னடாப்பா, ரிக்கெற் எடுத்தனியோ?"

பயணி மாதிரி இறங்குகிறாயே என்று அர்த்தம். பதினெட்டு வருசத்தில் அந்தக் கேள்வியை அவர் என்னிடம் கேட்கவே இல்லை. அதில் எனக்கு ஒரு பெருமை.

ஒரு சின்னச் சத்தம்

சோளகக் காற்றுக் காலம். படகு ஏறி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. வழக்கம்போலப் பாய்ந்தேன். வலது பாதம் சீமெந்தில் ஊன்றி அப்படியே நின்றது. உடம்பு மட்டும் கட்டைப் பக்கம் திரும்பியது. முழங்காலுக்குள் "டிக்" என்று ஒரு சத்தம். பிஸ்கற் ரின் மூடி திறக்கிற மாதிரி, அவ்வளவுதான்.

நோ பெரிதாக இல்லை. கயிற்றைக் கட்டினேன், சனத்தை இறக்கினேன், ஒரு கோதுமை மா மூட்டையும் தூக்கிக் கொடுத்தேன். அதனால்தான் ஏமாந்தேன். நடக்க முடிகிறதென்றால் ஒன்றும் இல்லை என்று நினைத்துவிட்டேன்.

அடுத்த நாள் காலையில் பார்த்தால் முழங்கால் வீங்கி மொத்தித்துப் போயிருந்தது. முழங்கால் சிரட்டைக்கு இரண்டு பக்கமும் இருக்கிற பள்ளங்களைக் காணவில்லை. கிணற்றடியில் குந்தி இருந்தபோது, உட்பக்கமாக, விரல் நுனியால் தொட்டுக் காட்டக்கூடிய ஒரே இடத்தில் சுள்ளென்றது. உங்கள் அம்மா கண்டுவிட்டாள்.

"இஞ்சாருங்கோ, உதை ஆஸ்பத்திரியிலை காட்டுங்கோவன்."

"சும்மா சுளுக்கு. ஒண்டுமில்லை."

"ஒண்டுமில்லையெண்டால் ஏன் ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு நிக்கிறியள், கொக்கோ?"

காட்டவில்லை. காரணம் உங்களுக்கு இப்போதுதான் சொல்கிறேன். கயிறு பிடிக்க ஏலாதவன் கரையில் கதிரையில் இருந்து ரிக்கெற் கிழிக்கலாம் என்று படகில் ஒரு பேச்சு இருந்தது. அந்தக் கதிரையை நினைத்தாலே எனக்குக் கால் நோவை விடக் கூடுதலாக நொந்தது.

ஒரு மணித்தியால வைத்தியர்கள்

நெடுந்தீவுப் பயணம் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம். செய்ய வேலை இல்லாத சனம் என் காலைப் பார்த்துக்கொண்டு வரும். "வாயு தம்பி, கிழங்கை விடு" என்றார் ஒருவர். "எருக்கலை இலையை வாட்டிக் கட்டு ராசா" என்றா ஒரு ஆச்சி. "என்ரை மச்சானுக்கும் உப்பிடித்தான் துவங்கினது, கனடாவிலை முழங்காலையே கழட்டி வேறை பூட்டிப்போட்டாங்கள்" என்று ஒருவர் சொல்ல, பக்கத்தில் இருந்தவர் "பழசைத் திருப்பிக் குடுத்தவங்களோ?" என்று கேட்டார். எங்கள் எஞ்சின்காரன் யோகன் "நான் இழுத்துவிடுறன், சரியாப் போம்" என்று காலைப் பிடித்து ஒரு இழுவை இழுத்தான். பட்டப்பகலில் வெள்ளி பார்த்தேன். நீங்கள் யாரையும் இழுக்க விடாதீர்கள்.

ஒரு கிழமையில், ஏழாம் நாள், வீக்கம் வற்றியது. சுகம் என்று நினைத்தேன். ஆனால் புதிதாக ஒன்று தொடங்கியது. குந்தி இருந்து எழும்பும்போது பாதியில் ஏதோ உள்ளே மாட்டும். காலை மெல்ல உதறினால் "டொக்" என்று விடும். படகின் உள்ளே இறங்குகிற படியில் இடைக்கிடை கால் தன்பாட்டில் மடிந்து கொடுக்கும். எனக்குத் தெரிந்த சொல்லில் அதை நல்லதம்பி அண்ணையிடம் சொன்னேன்.

"அண்ணை, முழங்காலுக்குள்ளை கொளுவுது."

அவர் சுக்கானை விட்டுத் திரும்பிப் பார்த்தார். "கொளுவலோ? ஆரோடை? மனிசியோடையோ?"

எங்கள் ஊரில் கொக்கி மாட்டுவதும் கொளுவல்தான், சண்டை பிடிப்பதும் கொளுவல்தான். படகு முழுக்கச் சிரித்தது. அடுத்த நாள் ஏறின சனமும் "என்ன, சமாதானம் ஆயிட்டியளோ?" என்று கேட்டது. நானும் சிரித்தேன். பிறகு அந்தச் சொல்லைச் சொல்வதை விட்டுவிட்டேன். நான் விட்ட பெரிய பிழை அது. சரியான சொல் வாயில் இருந்தது. பகிடிக்குப் பயந்து விழுங்கிவிட்டேன்.

கேக்

ஒரு சனிக்கிழமை. தன் மகளின் சாமத்திய வீட்டுக்கு, பூப்பு விழாவுக்கு, யாழ்ப்பாணத்தில் இருந்து இரண்டு தட்டுக் கேக் ஒன்றைக் கொண்டுவந்தா ஒரு அக்கா. வழி முழுக்கப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, யாரையும் இருமக்கூட விடவில்லை. நெடுந்தீவில் படகு முட்டியதும் பெட்டியை என்னிடம் தந்தா.

"கவனம் தம்பி. மேல் தட்டிலை ரோசாப்பூ நிக்குது."

ஒரு கால் படகில், ஒரு கால் கரையில். கைகளில் கேக். கரைப்பக்கக் காலில் பாரத்தைப் போட்டு நிமிரப் பார்த்தேன். முழங்கால் பாதியில் நின்றுவிட்டது. மடக்கவும் ஏலாது, நீட்டவும் ஏலாது. அந்த நேரம் பார்த்துப் படகு கரையை விட்டு மெல்ல விலகத் தொடங்கியது.

"காலை எடடா!" என்று மேலே இருந்து நல்லதம்பி அண்ணை.

"எடுக்கேலாது அண்ணை!"

"ஏன்?"

"கொளுவிப்போட்டுது!"

"ஆரோடை எண்டாலும் பிறகு கொளுவு!" என்று கத்தினா அந்த அக்கா. "முதல் கேக்கைத் தா!"

நான் கேக்கைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு, காலிரண்டும் விரிந்து விரிந்து போக, கவராயம் மாதிரி நின்றேன். கரையில் நின்ற இரண்டு பேர் என் சேட்டுக் கொலரைப் பிடித்து இழுத்தார்கள். யோகன் படகில் நின்று பெட்டியை வாங்கினான். நான் கரையில் இருந்துவிட்டேன். கேக் தப்பியது. ரோசாப்பூ மட்டும் எப்படியோ கடலில் விழுந்தது. "மீனுக்குச் சாமத்திய வீடு" என்றான் யோகன். அந்த அக்காவே சிரித்துவிட்டா.

நானும் சிரித்தபடி நிமிர்ந்து பார்த்தேன். கேக்குக்கு அடுத்ததாக இறங்க நின்றது ஒரு இளம் தாய். இடுப்பில் கைக்குழந்தை. "பிள்ளையை ஒருக்காப் பிடியுங்கோ அண்ணை" என்று நீட்டுவதற்கு ஆயத்தமாக நின்றா. எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. வரிசை ஒரு ஆள் மாறியிருந்தால் என் கையில் என்ன இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். அன்று பின்னேரம் நானாகவே அம்மாவிடம் சொன்னேன், திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்று. அம்மா உடனே என் நல்ல சேட்டை எடுத்து, இஸ்திரி போட்டு மினுக்கி வைத்தாள்.

சொல்லைத் திருப்பிச் சொன்னது

யாழ்ப்பாணத்தில் டொக்டர் பார்த்தார், எக்ஸ்றே எடுத்தார். எலும்பு சுகம் என்றார். பிறகு ஒரு பிசியோதெரபிப் பெண்பிள்ளையிடம் அனுப்பினார்கள்.

"என்ன செய்யுது ஐயா?"

"முழங்கால் நோகுது."

எழுதினா. இது எல்லாரும் சொல்கிறதுதானே. "வேறை?"

நான் சுற்றும் முற்றும் பார்த்தேன். இங்கே நல்லதம்பி அண்ணை இல்லை. "இடைக்கிடை உள்ளுக்குள்ளை கொளுவுது, பிள்ளை" என்றேன்.

பேனையைக் கீழே வைத்தா. "திருப்பிச் சொல்லுங்கோ?"

"கொளுவுது."

சிரிக்கவில்லை. "வீக்கம் அடிபட்ட உடனை வந்ததோ, அடுத்த நாளோ? குந்தேக்கை ஒரே இடத்திலை குத்துதோ? படியிலை கால் மடிஞ்சு குடுக்குதோ? முதல் நாள் ஏதும் சத்தம் கேட்டதோ?" என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டா. வீக்கம் அடுத்த நாள் என்றேன், மற்றதுக்கெல்லாம் ஓம், ஓம் என்றேன். என் வீட்டுக் கிணற்றடியில் நின்று பார்த்த மாதிரிக் கேட்டா.

பிறகு ஒரு பிளாஸ்ரிக் முழங்காலைக் காட்டி விளங்கப்படுத்தினா. இரண்டு எலும்புக்கும் நடுவில் பிறை மாதிரிக் குருத்தெலும்பு இருக்கிறது. மெத்தை மாதிரி. பாதம் ஊன்றி நிற்க உடம்பு மட்டும் திரும்பினால் அது நசிந்து கிழியும். கிழிந்த விளிம்பு இடையில் மாட்டினால் கொளுவும். பிறகு எடுத்த ஸ்கானிலும் அப்படித்தான் வந்தது. சின்னக் கிழிவு, இப்போதைக்கு வெட்டத் தேவையில்லை என்றார் டொக்டர். திரும்பவும் கொளுவி நீட்ட ஏலாமல் நின்றால் அன்றைக்கே வரச் சொன்னார்.

நான் கேட்க வேண்டியதை அந்தப் பிள்ளையிடம்தான் கேட்டேன். "நான் இனிக் கயிறு பிடிக்கேலாதோ?"

"குதிக்காமல் அந்த வேலை செய்யேலாதோ ஐயா?"

"படகு முட்டுமட்டும் பொறுத்தால் செய்யலாம்."

"எவ்வளவு நேரம் பொறுக்க வேணும்?"

"பத்து எண்ணுமட்டும்."

அப்போதுதான் அவ சிரித்தா. "பத்து எண்ண ஏலாமலோ இவ்வளவும்?" எழும்பி நின்று காட்டினா. "உடம்பைத் திருப்பாதைங்கோ. முதல் பாதத்தை எடுத்து வையுங்கோ, உடம்பு பின்னாலை வரும்."

ஆறு கிழமை நான் பயந்த அந்தக் கதிரையில் இருந்து ரிக்கெற் கிழித்தேன். உயிர் போகவில்லை. சனம் இல்லாத நேரத்தில் அதே கதிரையில் காலை நீட்டி நீட்டிப் பயிற்சி செய்தேன். தொடை பலத்தது, கொளுவல் குறைந்தது, நின்றது.

தாரணி, உனக்கு இருப்பது அதுவாக இராமலும் போகலாம். விளையாடுகிறவர்களுக்குக் கால் நோவது புதுமையில்லை. ஆனால் அன்றைக்கு எதுவும் சத்தம் கேட்டதா, அடுத்த நாள் வீங்கினதா, குந்தும்போது ஒரே இடத்தில் குத்துகிறதா, மாட்டுகிறதா என்று பார்த்து, உனக்கு வருகிற சொல்லிலேயே எனக்குச் சொல். யாரும் சிரித்தாலும் சொல். நான் சிரிக்க மாட்டேன். வருகிற திங்கட்கிழமை நீயும் நானும் முதல் படகில் ஆஸ்பத்திரிக்குப் போகிறோம்.

ஒன்று மிச்சம். கயிற்று வேலைக்குத் திரும்பிப் போவதற்கு முந்தின நாள் மத்தியானம், படகு சும்மா கட்டிக் கிடந்தது. எல்லாரும் சாப்பிடப் போய்விட்டார்கள். நான் தனியாக ஏறி, வேறொரு கயிற்றை எடுத்துக்கொண்டு முன்னுக்கு நின்றேன். பத்து எண்ணினேன். கரையில் காலை வைத்து இறங்கி, கட்டையைச் சுற்றி நடந்தேன். பாதம், பிறகு உடம்பு. பாதம், பிறகு உடம்பு. இரண்டு சுற்று. கயிறு இறுகியது.

"ரிக்கெற் எடுத்தனியோ?" என்று என்னையே கேட்டேன்.

"ஓம்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனேன்.