சென்னிமலையின் மூச்சு சாஸ்திரம்

மோகனூர்ப் பக்கம் சென்னிமலை என்று ஒருவர் இருந்தார். நிலம் இருந்தது; வேலை இல்லை. ஆகவே பிறர் மூச்சு விடுவதைக் கவனித்து வந்தார். ஓடும்போது மூக்கால்தான் மூச்சு விடவேண்டும், வாயால் விடுவது நாய்க்குத்தான் தகும் என்பது அவர் கொள்கை. ஏதோ ஆங்கிலப் பத்திரிகையில் வந்த சங்கதி. அவருக்கு ஆங்கிலம் தெரியாது. நாமக்கல்லில் ஒரு வக்கீல் குமாஸ்தா பாதி படித்துச் சொன்னார். மீதியைக் கேட்க இவருக்குப் பொறுமை இல்லை. கிணற்றில் கவலை ஓட்டித் தண்ணீர் இறைக்கிறவன் மாட்டோடு ஓடி இளைத்தால் வரப்பில் நின்று, "வாய மூடுடா" என்பார். சொல்லிவிட்டு ஒரு சிட்டிகை மூக்குப்பொடி இழுத்துக்கொள்வார். அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை.

மேட்டூரில் அணை கட்டி முடித்த வருஷம் அதையும் பார்த்தோம். மாரியம்மன் திருவிழாவுக்குக் காவிரியிலிருந்து தீர்த்தக்குடம் சுமந்து ஓடிவரும் உரிமை அவர்கள் வீட்டுக்கு இருந்தது. வழியில் குடத்தைக் கீழே வைக்கக்கூடாது, சுமக்கிறவன் தன் வாய்க்கட்டை அவிழ்க்கக்கூடாது. தவறினால் உரிமை பங்காளி வீட்டுக்குப் போய்விடும். வருஷாவருஷம் அவருடைய தம்பிதான் சுமந்துவந்தான். அவன் வாயால் மூச்சு விடுகிறான் என்று விலக்கிவிட்டு, இவரே கிளம்பினார்.

ஆற்றங்கரையில் அவர் மனைவி வள்ளியாத்தாள், "ஏனுங்க, இன்னிக்காச்சும் பொடி போடாம ஓடுங்க" என்றாள்.

"பொடி போட்டாத்தான் மூக்குத் தொறக்கும். சும்மா இரு."

பூசாரி மாதையன் துணியை வாய்மேல் தளர்வாக ஒரு சுற்றுச் சுற்றினார். "எச்சி தெறிக்காம இருக்கத்தானுங்க இது."

"உனக்கு அவ்வளவுதான் தெரியும். மூச்சு சாஸ்திரம் தெரிஞ்சுதான் நம்ம பெரியவங்க வாயைக் கட்டுனாங்க. நாலு சுத்துச் சுத்தி இறுக்கு."

பூசாரி இறுக்கினார்.

வாழைத்தோட்டம் வரைக்கும் மிடுக்காகத்தான் ஓடினார். பிறகு பொடி வேலையைக் காட்டியது. மூக்கு அடைத்துக்கொண்டது, கண் பிதுங்கியது. கூடவே ஓடிவந்த பங்காளி தங்கசாமி, "மூக்குலயே உடுங்ணா. வாயி நாய்க்குங்க" என்றார்.

சென்னிமலை குடத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, மற்றக் கையால் துணியைப் பிய்த்து எறிந்தார். வாயை அகலத் திறந்து குனிந்து இளைத்தார். எச்சில் தீர்த்தத்தில் வடிந்தது. பின்னாலேயே ஓடிவந்த பூசாரி குடத்தை வாங்கி வாழைமரத்தடியில் கவிழ்த்தார். உரிமை போய்விட்டது.

மறுவருஷம் தங்கசாமி சுமந்தார். ஒரே சுற்றுத் துணி. அதற்கடியில் வாயைத் தாராளமாகத் திறந்துகொண்டு ஓடிவந்து சேர்ந்தார். சென்னிமலையின் தம்பியும் அப்பாவும் அப்படித்தான் ஓடியிருந்தார்கள். சென்னிமலை கூட்டத்தின் கடைசியில் நின்று கைநீட்டித் தீர்த்தம் வாங்கினார். பக்கத்தில் தம்பி நின்றான்.

"துணி ஏறி எறங்குது பாத்தியா? வாயாலதான் உடறான்" என்றார் அவனிடம்.

தம்பி தீர்த்தத்தைக் குடித்துவிட்டு, ஈரக் கையைத் தலையில் தடவிக்கொண்டு நகர்ந்துபோனான்.