வாகனம் வராத பாதையும் வரப்போகிற ஆளும்

வாகனமே வராத பாதை என்று சொல்லி விற்கிற தொழிலில், தூரத்தில் ஒரு மோட்டார்ச் சத்தம் கேட்டாலும் ஓடிப்போய்ப் பார்க்கவேண்டும். "அமைதியான அறை" என்று எழுதிக் கொடுத்துவிட்டு, பக்கத்து வீட்டு நாயை நினைத்து நித்திரை கொள்ளாமல் கிடக்கும் அன்பர்களே, உங்களுக்கு நான் அதிகம் விளக்கத் தேவையில்லை.

இத்தாலியின் பலேர்மோ நகரத்தில், அல்பெர்கேரியாப் பகுதி ஒழுங்கை ஒன்றில் இருக்கும் சைக்கிள் கடையில் வேலை செய்கிறேன். நகரத்துக்குத் தெற்கே மலைகளுக்குள் தண்டவாளம் பிடுங்கிய பழைய ரயில்பாதை ஒன்று இருக்கிறது. கோதுமை வயல், வாதுமைத் தோட்டம், இரண்டு சுரங்கம், மொத்தம் இருபத்தெட்டுக் கிலோமீட்டர். நடந்து போகலாம், சைக்கிளில் போகலாம், வேறொன்றும் போகக்கூடாது. காலையில் விருந்தாளிகளை முதல் ஸ்டேசனில் இறக்கி, சைக்கிளைக் கொடுத்து, அவர்களின் பைகளைக் கடையின் வான் வண்டியில் ஏற்றி, தார் றோட்டால் சுற்றிப்போய் மறுமுனைப் பண்ணைவீட்டில் வைப்பது என் வேலை. பாதையை மறித்து நிற்கும் இரும்புக் கம்பத்தின் பூட்டுத் திறப்பும் என்னிடம்தான். யாராவது விழுந்து காலை உடைத்தால் வானை உள்ளே கொண்டுபோவதற்கு.

எல்லாரும் அவர்தான்

பங்குனி மாதம் ஒருநாள் முதலாளி சின்யோரா பியா என்னைக் கூப்பிட்டார். எங்களுக்கு ஆட்களை அனுப்பும் வெளிநாட்டு நிறுவனம் இந்த வருடம் ஒரு ஆளைச் சோதனைக்கு அனுப்பப் போகிறதாம். சாதாரண விருந்தாளி மாதிரி வந்து, பாதையில் உண்மையிலேயே வாகனம் வருவதில்லையா என்று பார்த்து எழுதுவாராம். யார், எப்போது என்று சொல்லமாட்டார்களாம். வாகனம் வருகிறது என்று எழுதினால் எங்கள் பாதை அவர்களின் பட்டியலில் இருந்து போகும். பாதை போனால் என் வேலை ஒப்பந்தம் போகும். ஒப்பந்தம் இல்லாமல் ஆனி மாதம் குவெஸ்தூரா என்கிற பொலிஸ் கந்தோருக்குப் போய் பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்க ஏலாது. அந்த அனுமதிக் காகிதம் இல்லாமல் இந்த நாட்டில் நான் எந்த றோட்டிலும் ஓட முடியாது.

"அந்த ஆளை எப்பிடிக் கண்டுபிடிக்கிறது, சின்யோரா?" என்று கேட்டேன். நான் மெல்லக் கதைக்கிறவன். இரண்டு தரம் கேட்க வேண்டியிருந்தது.

"கண்டுபிடிக்காதை," என்றார். "வாற ஒவ்வொருத்தரும் அவர்தான் எண்டு நினைச்சு நட."

பையின் பாரம்

அம்மா ஊரில் சாவகச்சேரிச் சந்தைக்குச் சைக்கிளில் மூட்டை கட்டி ஓடினவர். இப்போது இங்கே வேறொரு சின்யோரா வீட்டில் துப்புரவு வேலை. வேலை முடிந்து பல்லரோ சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றவரிடம், இப்படி ஒரு ஆள் வரப்போகுது என்று சொன்னேன். அம்மா கத்தரிக்காயைக் கீழே வைத்தார்.

"எனக்கு முதலே ஐமிச்சம். மலைக்குள்ளை, சனமே இல்லாத இடத்திலை, காசு குடுத்துச் சைக்கிள் ஓடுகினமாம். பையை மட்டும் நீ வேறை றோட்டாலை கொண்டுபோறியாம். அந்தப் பையளைத் திறந்து பாத்தனியே?"

"உடுப்புத்தான் அம்மா."

"பாத்தனியோ எண்டு கேட்டனான்."

அடுத்த நாள் ஒவ்வொரு பையையும் தூக்கிக் குலுக்கிப் பார்த்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. மாலையில் அம்மாவிடம் ஒன்றும் இல்லை என்றேன். "பாரமாய் இருந்ததோ?" என்றார். ஓம் என்றேன். "அப்ப சரி," என்று உள்ளே போனவர் திரும்பி வந்து சொன்னார்: "ஒண்டும் இல்லாட்டி ஏன் பாரம்?"

குறிப்புப் புத்தகக்காரர்

முதலில் நான் பிடித்த ஆள் ஒரு ஜெர்மன்காரர். தனியாக வந்தார், கழுத்தில் ஒரு தொலைநோக்கி, கையில் சின்னக் குறிப்புப் புத்தகம். ஸ்டேசனில் இறங்கினதும் எதையோ எழுதினார். சைக்கிளைப் பார்த்தும் எழுதினார். எனக்குச் சந்தேகமே இல்லாமல் போய்விட்டது. சைக்கிள் சீற்றை மூன்று தரம் துடைத்தேன். இருந்ததில் நல்ல சைக்கிளைக் கொடுத்தேன். தண்ணீர்ப் போத்தல் இரண்டு கூடுதலாக வைத்தேன். "இஞ்சை மோட்டார் வாகனம் வாறதேயில்லை," என்று அவர் கேட்காமலே நாலு தரம் சொன்னேன். பையைக் கொண்டுபோய் வைத்துவிட்டு நானும் ஒரு சைக்கிளில் அவர் பின்னால் போனேன்; சுரங்க வாசலிலும் நின்று எழுதினார்.

மாலையில் பண்ணைவீட்டில் புத்தகத்தை என் முன்னால் விரித்து வைத்தார். பக்கம் பக்கமாகப் பறவைகளின் பெயர்.

"இவ்வளவு வடிவான குருவியள் பறக்குது," என்றார். "நீர் ஏன் நாள் முழுக்க என்னையே பாத்துக்கொண்டு நிண்டீர்?"

தொத்தோவின் மூன்று சில்லு

சொன்னால் நம்பமாட்டீர்கள், நான் நாலு தரம் சொன்னது முழு உண்மை இல்லை. இரண்டாவது சுரங்கத்துக்கு அப்பால் தொத்தோ என்ற கிழவரின் ஆட்டுப்பட்டி இருக்கிறது. சுரங்கத்துக்கு இப்பால் இருக்கும் இன்னொரு பழைய ஸ்டேசன் குழாயில் தண்ணீர் பிடித்து, மூன்று சில்லு மோட்டார் வண்டியில் ஏற்றி, சுரங்கத்துக்குள்ளால் தடதடவென்று கொண்டுபோவார். அவருடைய ஒழுங்கை பாதையில் வந்து ஏறுகிற இடத்தில் கம்பம் கிடையாது. அரைக் கிலோமீட்டர்தான். ஆனால் அந்த அரைக் கிலோமீட்டரில் என் பெர்மெஸ்ஸோ இருக்கிறதே.

போய்க் கெஞ்சினேன். அவர் என்னை நம்பவில்லை. சைக்கிள்காரர் எல்லாரும் நகரசபை அனுப்பிய ஆட்களாம். தன் வேலி ரயில் நிலத்துக்குள் இரண்டு அடி வந்திருப்பதை அளக்க வருகிறார்களாம். கடைசியில் ஓர் உடன்பாடு. சந்தேகமான ஆட்கள் வரும் நாளில் நான் வந்து சொல்லவேண்டும். சொன்னால் மத்தியானம் வரை அவர் வண்டியை எடுக்கமாட்டார். அந்தப் பள்ளத்தாக்கில் போன் வேலை செய்யாது. அவருடைய ஒழுங்கையோ வானுக்கு ஒடுக்கம், சைக்கிளில் போனால் நேரம் போதாது. ஆகவே நான் கம்பத்தைத் திறந்து வானில்தான் போய்ச் சொல்லவேண்டும்.

கைகொடுக்கும்போது தொத்தோ என் முகத்தை உற்றுப் பார்த்தார். "நான் தண்ணிதான் ஏத்துறன். உன்ரை முகத்தைப் பாத்தா நீதான் எதையோ கடத்துறாய் போலை."

மதுரைத் தம்பதி

பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்யும் மதுரைக்காரர் ஒருவர் மனைவியோடு வந்தார். தமிழில் கதைத்து என் வாயைக் கிளற இவர்களை அனுப்பியிருப்பார்களோ என்று யோசித்தேன். அவர் கேட்ட கேள்வியும் அப்படித்தான் இருந்தது: "ஒரு வண்டிகூட வராதுங்கறீங்க. அத யாரு தம்பி கன்ட்ரோல் பண்றது?"

"ஒருத்தரும் இல்லை அண்ணா. தானாத்தான்."

"தானாவா?" என்று மனைவியைப் பார்த்தார். அந்த அக்கா பார்த்த பார்வையில் நானே என்னை நம்பவில்லை.

பண்ணைவீட்டுக்கு வந்து சேர்ந்தபோது அக்காவின் முகம் சரியில்லை. தொத்தோ வந்துவிட்டாரோ என்று பதறிப்போய், என்ன நடந்தது என்று கேட்டேன்.

"ஒண்ணும் நடக்கல தம்பி. பின்னாடி ஒரு ஹார்ன் சத்தம்கூட இல்லாம மூணு மணி நேரம். ஊரே காலி பண்ணிட்டுப் போயிருச்சு, நமக்கு மட்டும் யாரும் சொல்லலையோன்னு பயந்துட்டேன்."

செம்மஞ்சள் தலைக்கவசம்

சித்திரை முடிவில் நாலு ஒல்லாந்துக்காரர் ஒரே நிறச் சட்டையில் வந்து இறங்கினார்கள். ஒருவர் கையில் தூரம் அளக்கும் கருவி. இவர்கள்தான், வேறு யார்? அன்றைக்கே செம்மஞ்சள் தலைக்கவசம் போட்ட ஒரு அம்மாவும் தனியாக வந்தார். சீற்றில் ஏறவே இரண்டு தரம் தடுமாறினார், ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அவரை நான் கணக்கில் எடுக்கவில்லை.

கம்பத்தைத் திறந்து வானில் போய்த் தொத்தோவிடம், இண்டைக்கு வெளிக்கிடாதேங்கோ என்றேன். தலையாட்டினார். திரும்பி வந்தபின் மனம் கேட்கவில்லை. கிழவர் தலையாட்டினால் நம்பலாமா? மறுபடி போய்ப் பார்த்தேன், வண்டி வீட்டு வாசலில்தான் நின்றது. பத்தரைக்கு ஒரு இரைச்சல். மூன்றாம் தரமும் ஓடினேன். யாரோ தோட்டத்தில் மரம் அரிந்துகொண்டிருந்தார்கள். ஒவ்வொரு தரமும் செம்மஞ்சள் தலைக்கவசம் புல்லுக்குள் இறங்கி வழிவிட்டது. நானும் மரியாதையாகக் கைகாட்டினேன்.

அடுத்த கிழமை சின்யோரா பியா அறிக்கையை மெல்ல, ஒவ்வொரு சொல்லாக வாசித்தார்: "பாதையில் கண்ட மோட்டார் வாகனம் ஒன்று. உங்கள் கடையின் வான். மூன்று முறை. சாரதி மிகவும் பண்பானவர்."

திறப்பு

நான் எல்லாவற்றையும் சொன்னேன், தொத்தோவையும் சேர்த்து. சின்யோரா அறிக்கையின் கடைசி வரியைக் காட்டினார். அந்த வான் இனிப் பாதைக்குள் வராது என்று எழுதிக் கொடுத்தால் பாதை பட்டியலில் இருக்கும். எழுதிக் கொடுத்தார். என் ஒப்பந்தத்திலும் கையெழுத்து வைத்தார். மற்றக் கையை நீட்டி, கம்பத்தின் திறப்பை வாங்கித் தன் மேசைக்குள் வைத்துப் பூட்டினார்.

மறுநாள் தொத்தோவிடம் சைக்கிளில் போனேன். தப்பிவிட்டோம் என்று சொன்னேன். அவர் உள்ளங்கைகளைத் திருப்பிக் காட்டினார். இரண்டிலும் வாளிப்பிடி அறுத்த கோடு, இன்னும் ஆறவில்லை. அன்றைக்கு ஆடுகள் தண்ணீருக்குக் கத்தியிருக்கின்றன. வண்டியை எடுக்கமாட்டேன் என்று சொன்னவர் எடுக்கவில்லை. ஸ்டேசனுக்கும் பட்டிக்கும் வாளியோடு நடந்திருக்கிறார். நான் வண்டியை மட்டும் பார்த்தேன். கிழவர் வீட்டில் இருக்கிறாரா என்று பார்க்கவில்லை.

"அரை நாள் தண்ணி சுமந்தனான். சுரங்க இருட்டுக்குள்ளை சுவரோடை ஒதுங்கி நிண்ட என்னைத் தாண்டி உன்ரை வான் ரெண்டு தரம் வெறுமனே போச்சு," என்றார் தொத்தோ. "ஒருக்காலாவது நிப்பாட்டி ரெண்டு வாளியை ஏத்தியிருக்கலாம்."

வாகனம் வராத பாதையில் வாகனத்தைத் தடுப்பது அப்படியொன்றும் கஷ்டமில்லை, தடுக்கப் போகிறவனை முதலில் இறக்கி நடக்கவிட்டால்.