துண்டை அவிழ்த்த கை

பிசியோதெரபி நிலையத்தில் உதவிக்கு நிற்கிற வேலையில் ஆளைத் தூக்குவதுகூடப் பெரிசில்லை, சும்மா நின்று பார்ப்பதுதான் கொடுமை. பொறுமை கெட்டவர்களே, என் கஷ்டம் உங்களுக்குத்தான் புரியும்.

மாத்திரை இல்லையா?

பத்தாவதில் கணக்கு ஊற்றிக்கொண்டதும் கம்பம் டவுனில் இந்த வேலைக்கு வீட்டில் சேர்த்துவிட்டார்கள். என் பொறுப்பில் வந்தவர் சுருளிப்பட்டி பாண்டி மாமா. திராட்சைத் தோட்டக்காரர். பக்கவாதத்தில் வலது கை விழுந்து, பேச்சும் திக்கிப்போனது. ஆவணியில் மகளுக்கு நிச்சயதார்த்தம். தாம்பூலத் தட்டைத் தன் கையாலேயே சம்பந்திக்குக் கொடுக்கணும், அது போதும் அவருக்கு.

நிலையத்தை நடத்துகிற மேடம் விளக்கினார்: மூளையில் கொஞ்சம் செல்கள் செத்துவிட்டன. அந்தக் கையை அவரே திரும்பத் திரும்ப அசைத்தால்தான் மிச்சமிருக்கிற செல்கள் தங்களுக்குள் புதுத் தொடுப்புப் போட்டுக்கொள்ளும். எனக்குக் கொட்டாவி வந்தது. “இதுக்கு மாத்திரை இல்லையா மேடம்?” என்றேன்.

“இருந்தா உன்னய எதுக்கு வேலைக்கு வச்சிருக்கேன்?”

முதல் வார்த்தை

பேச்சுப் பயிற்சியில் மாமா “ச... ச...” என்று இழுப்பார். எனக்குத் தாங்காது. “சட்டையா? சாப்பாடா? சன்னலைச் சாத்தணுமா?” என்று எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருப்பேன். பிள்ளைக்கு எவ்வளவு அக்கறை என்று அவர் சம்சாரம் வேறு மெச்சினார்கள்.

ஒருநாள் மாமா முகம் சிவந்து, மூச்சை இழுத்து, திக்காமல் ஒரு முழு வாக்கியம் பேசினார். மேடம் கைதட்டினார். நான் தலையைத் தொங்கப்போட்டேன்.

“சனியனே, சும்மா இரு!”

காப்பி

நல்ல கையான இடது கையைத் துண்டால் கட்டிவிட்டு, வலது கையால் டம்ளரைத் தூக்கச் சொல்வது ஒரு பயிற்சி. தூக்குவதற்குள் பாதிக் காப்பி தரையில். துடைப்பது நான். அதனால் மேடம் அந்தப் பக்கம் போனதும் துண்டை அவிழ்த்துவிடுவேன். அதுவும் நேரமானால் நானே டம்ளரை அவர் வாயில் வைத்துவிடுவேன்.

மேடம் ஒருநாள் திரும்பி வந்துவிட்டார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

“அவுக மூளையில வளர வேண்டிய தொடுப்பெல்லாம் உன் மூளையிலல்லவா வளந்திருக்கு!”

அதற்கப்புறம் நான் துண்டைத் தொடவில்லை. தரையைத்தான் துடைத்தேன்.

தட்டு

நிச்சயதார்த்தத்துக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். மாமா எழுந்து ரெண்டு கையாலும் தட்டைத் தூக்கினார். வலது கை நடுங்கியது. தேங்காய் ஆடியது. ஆனாலும் தட்டு மெள்ள மெள்ளப் போய்க்கொண்டுதான் இருந்தது. சம்பந்தி கையை நீட்டிக்கொண்டு காத்திருந்தார்.

அப்போது என் கை பாய்ந்தது. சத்தியமாக நான் நினைக்கவே இல்லை, அதுவாகப் போய்த் தட்டைப் பிடித்து இழுத்தது. தேங்காய் உருண்டு மாப்பிள்ளை காலடியில் நின்றது. “யாருத்தா இந்தப் பிள்ள?” என்று யாரோ முணுமுணுத்தார்கள். பூமி பிளக்காதா என்றிருந்தது எனக்கு.

மாமா என் கையை விலக்கினார். தேங்காயைத் திரும்ப வைக்கச் சொன்னார். மறுபடி தூக்கி, நடுங்க நடுங்கக் கொண்டுபோய்க் கொடுத்தே விட்டார். பிறகு என்னைக் காட்டி ஏதோ சொல்ல ஆரம்பித்துத் திக்கினார். எடுத்துக்கொடுக்க என் நாக்கு துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

“சம்பந்தி... எனக்குக் கொணமாயிருச்சு. இனிமே... இந்தப் பிள்ளைக்குத்தேன்... வைத்தியம் பாக்கணும்.”

அன்றிலிருந்து ரெண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டுதான் வேலையில் நிற்கிறேன், வருகிறவர்கள் அதை மரியாதை என்று நினைத்துக்கொள்கிறார்கள்.