அறுபத்திரண்டு கிலோ

விமானம் ஓட்டும் உரிமம் கிடைத்ததும் என்னைத்தான் முதலில் ஏற்றிப் போவேன் என்றாள் மகள். அவள் படித்த பயிற்சி மையத்தில் இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய சிறிய விமானம். அதற்கும் என் வயது, நாற்பத்தெட்டு. இன்ஜின் தேய்ந்து இழுவை குறைந்துவிட்டது, பெயிண்ட் மேல் பெயிண்ட், பழுதுக்குப் பழுது ஒட்டு என்று கனமும் கூடிவிட்டது என்று போனில் சொன்னாள்.

“உன்ன மாதிரியேம்மா. வருஷா வருஷம் வெயிட்டு ஏறிக்கினே போவுது.”

சிரித்துக்கொண்டே என் எடையைக் கேட்டாள். அறுபத்திரண்டு என்றேன். அது ஏதோ பழைய மருத்துவமனைச் சீட்டில் இருந்த எண். பாகூரில் எங்கள் தெருமுனை ரைஸ்மில்லில் மூட்டை நிறுக்கும் தராசு இருக்கிறது. மில்காரர் முன்னால் ஏறி நிற்க வெட்கம்.

விடியற்காலையில் வரச் சொல்லியிருந்தாள். நான் போய்ச் சேர்ந்தபோது பத்து மணி, நல்ல வெயில். வெயிலில் இன்னும் மெதுவாகத்தான் ஏறும் என்று அவள் மறுபடி கணக்குப் போட்டாள். அந்த நேரத்தில் முறுக்கு டப்பாவும் ஊறுகாய் பாட்டில்களும் இருந்த பையை இருக்கைக்குப் பின்னால் செருகினேன். சொல்லவில்லை.

ஓடுபாதையின் பாதியில் ஒரு வெள்ளைப் பலகை. அதற்குள் வேகம் வராவிட்டால் நிறுத்திவிடுவேன் என்றாள்.

ஓடினோம். தகடெல்லாம் அதிர்ந்தது. பலகை நெருங்கியது; வேகம் காட்டும் முள் ஏறவில்லை. பலகை பக்கத்தில் வந்த நொடியில் இன்ஜின் சத்தம் சட்டென்று அடங்கியது. பெல்ட் தோளை அறுத்தது. எதிரே கம்பி வேலியும் அதற்கப்பால் சவுக்கு மரங்களும் பெரிதாகிக்கொண்டே வந்தன. வேலிக்குக் கொஞ்சம் முன்னால் நின்றோம்.

அவள் என்னைப் பார்க்கவில்லை.

“ம்மா. உன் வெயிட்டு இன்னா?”

தெரியாது என்றேன். பையைப் பற்றியும் சொன்னேன். அவள் விமானத்தைத் திருப்பிக் கொண்டுபோய் நிறுத்தினாள். சாவியை எடுத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

“கணக்குல அதோட வயச சேத்தேன், வெயில சேத்தேன். நீ பொய் சொல்லுவேன்னு சேக்கல.”

மறுநாள் காலை ரைஸ்மில் தராசில் ஏறினேன். எழுபத்தாறு. ஒரு நெல் மூட்டைக்கு ஒரு கிலோ கூடத்தான்க்கா என்றார் மில்காரர். அங்கேயே நின்று மகளுக்குப் போன் செய்து எண்ணைச் சொன்னேன்.

“செருப்போடயா?” என்று கேட்டாள்.