நான் அவிழ்த்த முடிச்சு

ஒரு குழந்தையின் உயிருக்காகச் சாமிக்கு முடிந்து வைத்திருந்த மஞ்சள் துணியை அவிழ்த்து, நான் ஆட்டோவின் ஸ்பார்க் பிளக்கைத் துடைத்தேன்.

தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். தெரிந்தேதான் செய்தேன். பிறகு அதை மறைக்க நானே இன்னொரு முடிச்சைப் போட்டேன்... பொய் முடிச்சு! அதைத்தான் என் நண்பன் கதிர்காமத்து முருகனிடம் கொண்டுபோய்ச் சேர்த்தான். இரண்டு வருடமாகிறது. யாரிடமும் சொல்லவில்லை.

என் பெயர் சேகர். உத்திரமேரூர் பேருந்து நிலையத்தில் பதினாறு வருடமாக ஆட்டோ ஓட்டுகிறேன். என்னோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவன் குமரேசன். நெல் மண்டியில் எடை போடுகிறான். அவன் மகள் தன்ஷிகாவுக்கு ஒன்றரை வயதில் வலிப்பு வந்தது. ஒரு வாரம் கண் திறக்கவில்லை. ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் இருந்த ஓர் இலங்கைப் பெண் கதிர்காமத்து முருகனைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள். குமரேசனின் மனைவி தேவகி அங்கேயே ஒரு துணியை மஞ்சளில் நனைத்தாள். ஒற்றை ரூபாய்க் காசை வைத்து மூன்று முடிச்சுப் போட்டாள். பிள்ளை பிழைத்தால் நேரில் வந்து சேர்க்கிறோம் என்று வேண்டிக்கொண்டாள்.

எங்கள் பக்கத்தில் இது எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம்தான். முடிந்ததைச் சாமியிடம் சேர்க்கும்வரை அவிழ்க்கக் கூடாது. அவிழ்த்தால் வேண்டுதலே அவிழ்ந்தது. இது எனக்குத் தெரியாதா? என் அம்மா எனக்காக எத்தனை முடிந்திருப்பாள்!

குழந்தை பிழைத்தாள். மாத்திரை மட்டும் தொடர்ந்தது. இரண்டு வருடம் கழித்து நான், குமரேசன், செல்போன் கடை வைத்திருக்கும் ஆரோக்கியராஜ் மூவரும் இலங்கைக்குக் கிளம்பினோம். அங்கே சுற்றுலாப் பயணிகளுக்கு ஆட்டோவையே ஓட்டிக்கொண்டு போக வாடகைக்குத் தருகிறார்கள். அதைக் கண்டுபிடித்துச் சொன்னவன் நான்தான்.

"காரு எதுக்குடா? நம்ம வண்டியே அங்க கெடைக்குது. நான் ஓட்டிக்கினு போறேன், நீங்க ராஜா மாரி குந்திக்கினு வாங்க!"

அந்த வாய்தான்... அந்த வாய்தான் எல்லாவற்றுக்கும் காரணம்.

முதல் நாளே கொழும்பைத் தாண்டியதும் பெட்ரோல் தீர்ந்து நடுரோட்டில் நின்றோம். இரண்டாம் நாள் ஆரோக்கியராஜின் மூக்குக்கண்ணாடியைக் குரங்கு பிடுங்கிக்கொண்டு போனது. நான் குறுக்கு வழி என்று திருப்பிய பாதை இரண்டு மணி நேரம் தேயிலைத் தோட்டங்களுக்குள் சுற்றி ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் முடிந்தது. "உன்ன நம்பி வந்தேன் பாரு, எங்கண்ணு போனதுதான் மிச்சம்" என்றான் ஆரோக்கியராஜ், எதிரே வருவது பஸ்ஸா மாடா என்று தெரியாமல். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. உண்மையைச் சொன்னால், என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை.

மூன்றாம் நாள் மலையிலிருந்து வெல்லவாய என்ற ஊரை நோக்கி இறங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. கூரைமேல் நான் கட்டிய கயிறு அவிழ்ந்து, தார்ப்பாய் பறந்து, பைகள் அத்தனையும் நனைந்தன. ஓரிடத்தில் சாலையின் குறுக்கே தண்ணீர் ஓடியது. நிறுத்திப் பார்க்கலாம் என்றான் குமரேசன். நான் இறக்கினேன். நடுவில் வண்டி இருமிவிட்டு அணைந்துபோனது.

தள்ளிக் கரையேற்றினோம். வாடகைக்குக் கொடுத்தவர், ஏதாவது ஆனால் கூப்பிடுங்கள், ஆள் அனுப்புகிறேன் என்று எண் கொடுத்திருந்தார்.

"போன் பண்ணிடலாம்டா" என்றான் குமரேசன்.

"இன்னாடா பேசற? பதினாலு வருசமா ஆட்டோக்காரனா கீறேன். இதுக்குப் போயி மெக்கானிக்கக் கூப்டா என் மானம் இன்னா ஆவறது? நீங்க போயி டீ குடிச்சிட்டு வாங்க. வரும்போது வண்டி ஓடிக்கினு இருக்கும்."

கொஞ்ச தூரத்தில் ஒரு கடை தெரிந்தது. போவதற்கு முன் குமரேசன் கழுத்திலிருந்த சின்னப் பையைக் கழற்றி என்னிடம் கொடுத்தான். உள்ளே இரண்டு பாலித்தீன் கவர்கள். அதற்குள் அந்த முடிச்சு.

"இத்த நீ வச்சிக்கோ மச்சான். மழைல நனஞ்சிடப் போவுது. உங்கிட்ட இருந்தா எனக்குப் பயமில்ல."

நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள்... இதுதான் அவன் சொன்னது!

பிளக்கில் தண்ணீர் புகுந்திருந்தது. துடைத்து மாட்டினால் போதும், அவ்வளவுதான் கோளாறு. ஆனால் எதைக்கொண்டு துடைப்பது? என் சட்டையைப் பிழிந்தால் ஒரு சொம்புத் தண்ணீர் வரும். பைக்குள் இருந்த துண்டுகளும் அப்படியே. அந்த வண்டியில் ஈரம் படாத துணி ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

ஓரத்தால் மட்டும் துடைக்கலாம், முடிச்சை அவிழ்க்க வேண்டாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஓரம் போதவில்லை. அதோ கடையிலிருந்து அவர்கள் வெளியே வருகிறார்கள். ஒரு முடிச்சை அவிழ்த்தேன். அப்புறம் இன்னொன்று. மூன்றாவது மட்டும் வரவில்லை. தேவகி இறுக்கிப் போட்டிருந்தாள். ஆஸ்பத்திரித் தரையில் உட்கார்ந்து போட்டது அல்லவா! பல்லால் கடித்து இழுத்தேன். ஆமாம்... பல்லால்தான்.

காசைப் பின்பக்க பம்பர்மேல் வைத்தேன். பிளக்கைத் துடைத்தேன். மாட்டினேன். ஸ்டார்ட் செய்தேன். வண்டி ஒரே உறுமலில் எழுந்து, குலுங்கியது. காசு என்று ஒன்று இருப்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தேன். பம்பர்மேல் ஒன்றுமில்லை. கீழே மழைத்தண்ணீர் பள்ளத்தை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. முட்டி போட்டுத் துழாவினேன். சேறும் சரளையும்தான் கையில் வந்தன.

"சேகர்னா சேகர்தான்டா!" என்று கத்திக்கொண்டே குமரேசன் ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டான். அந்த நிமிடம் சொல்லியிருக்கலாம். அவன் அடித்திருப்பான், அழுதிருப்பான்; ஆனால் சொல்லியிருக்கலாம். நான் என்ன செய்தேன் தெரியுமா? சிரித்தேன்! என் கால்சட்டைப் பைக்குள் அந்தத் துணி கறுத்துக் கிடந்தது.

பையை அவன் கேட்டபோது, "உன் சட்ட சொட்டச் சொட்ட கீது, எங்கிட்டயே இருக்கட்டும்" என்றேன். "சரி மச்சான்" என்றான்.

மறுநாள் காலையில் வாழைப்பழம் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு வெல்லவாயக் கடைத்தெருவில் ஒரு வெள்ளைக் கைக்குட்டையும் மஞ்சள் தூளும் வாங்கினேன். விடுதிக் குளியலறையில் நனைத்து, பிழிந்து, இஸ்திரிப் பெட்டியால் தேய்த்துக் காயவைத்தேன். என் பர்ஸில் நம் ஊர்க் காசு ஒன்று இருந்தது. வைத்து மூன்று முடிச்சுப் போட்டேன். எந்தப் பிரார்த்தனையும் இல்லாத முடிச்சு. என் மனதில் அப்போது இருந்த ஒரே வேண்டுதல், மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதுதான்.

கதிர்காமம் போகும் காட்டுச் சாலையில் ஒரு யானை குறுக்கே நின்றது. வாங்கிய வாழைப்பழத்தை எல்லாம் அதற்குப் போட்டோம். நின்று தின்றுவிட்டு ஒதுங்கியது. "புள்ளையாரே வழி வுட்டுட்டாருடா" என்று குமரேசன் கன்னத்தில் போட்டுக்கொண்டான். நான் யானையின் முகத்தைப் பார்க்காமல் வண்டியைக் கிளப்பினேன்.

சந்நிதியில் முடிச்சைக் கையில் எடுத்தவன் தன் விரல்களைப் பார்த்தான். மஞ்சள் ஒட்டியிருந்தது.

"இன்னாடா இது... இப்பதான் நனைச்ச மாரி கீது?"

மாட்டிக்கொண்டேன் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவன் அந்த விரல்களைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். அழுதான். "பாத்தியா மச்சான், ரெண்டு வருசம் ஆயும் மஞ்ச காயல!"

இப்படி ஒருவன் நம்பினால் நீங்கள் என்ன செய்வீர்கள்? சொல்லுங்கள்!

ஊருக்குத் திரும்பினோம். தன்ஷிகாவுக்கு இப்போது ஐந்து வயது. இதுவரை வலிப்பு மறுபடி வரவில்லை. போன மாதம் டாக்டர் மாத்திரையை நிறுத்திவிட்டார். எல்லாம் கதிர்காமத்தான் அருள் என்கிறாள் தேவகி. அப்படியென்றால் நான் நிம்மதியாக இருக்கலாமே? முடியவில்லை. சேராத வேண்டுதலுக்கு யார் காவல்? சாமி பொறுமையாக இருக்கிறாரா, இல்லை பார்த்துக்கொண்டு இருக்கிறாரா? மூடநம்பிக்கை என்று சொல்லி உதறிவிடலாம் என்றால், மாத்திரை நிறுத்திய நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆரோக்கியராஜுக்காவது பாவ மன்னிப்புக் கேட்க மாதா கோவிலில் ஓர் இடம் இருக்கிறது. நான் யாரிடம் போய் மண்டியிடுவேன்?

டீக்கடையில் உட்கார்ந்தால் குமரேசன் புதிதாக யாரைப் பார்த்தாலும் அந்தக் கதையை ஆரம்பித்துவிடுவான். "கொட்ற மழ... தொடைக்க ஒரு துண்டுத் துணி இல்ல. வெறுங்கையால வண்டிய எழுப்புனான்டா எங்க சேகரு!" எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள். நான் டம்ளரைப் பார்ப்பேன்.

குழந்தையைத் தினமும் பள்ளிக்கு என் ஆட்டோவில் நான்தான் கொண்டுபோய் விடுகிறேன். கண்ணாடியில் அவளைப் பார்த்துக்கொண்டே ஓட்டுகிறேன். போன வாரம் ஏரிக்கரைப் பக்கம் வரும்போது அவள் தலை சாய்ந்தது. பிரேக்கை மிதித்து, இறங்கி ஓடி, அவளைத் தூக்கி உலுக்கிவிட்டேன்.

"இன்னா மாமா? தூக்கம் வருது" என்றாள்.

அவளுக்கு நான் மாமாதான். தேவகிக்குக் கூடப்பிறந்த ஆண்பிள்ளை யாரும் இல்லை. நேற்றுச் சாயந்திரம் வீட்டுக்கு வந்து, வெற்றிலைத் தட்டை என் முன்னால் வைத்தாள். வெள்ளிக்கிழமை காது குத்து.

"நீங்கதாண்ணா தாய்மாமன். உங்க மடிலதான் புள்ளய உக்கார வச்சிக் குத்தணும். அவ உயிரோட கீறதுக்கு நீங்களும் ஒரு காரணம்ணா. அந்த மழைல நீங்க வண்டிய எழுப்பலன்னா முடிச்சு போயி சேந்திருக்குமா?"

தட்டை வாங்கிக்கொண்டேன். "சரிம்மா" என்றேன்.

அந்தக் கறுத்த துணியை எறிய மனம் வரவில்லை. என் ஆட்டோவின் பின்சீட்டுக்கு அடியில் கருவிப் பெட்டிக்குள் இருக்கிறது. அந்தச் சீட்டில்தான் தன்ஷிகா தினமும் உட்கார்ந்து பள்ளிக்குப் போகிறாள்.